ஹைட்ரஜன் ஆற்றல் ஆய்வில் செயற்கை நுண்ணறிவும் ரோபோக்களும்: ஒரு வரலாறு

ஹைட்ரஜன் (நீரியம், ஐதரசன் என்றும் எழுதப்படும்) வாயுவைத் தூய எரிபொருளாகப் பயன்படுத்தும் முயற்சியில் செயற்கை நுண்ணறிவும் ரோபோக்களும் இன்று மூன்று வகை வேலைகளைச் செய்கின்றன. புதிய வினையூக்கிகளைத் தேடுவது முதலாவது. கருவிகளைத் தொகுப்பது இரண்டாவது. மனிதர் போகக் கூடாத இடங்களைக் கண்காணிப்பது மூன்றாவது. இவற்றுள் நீண்ட வரலாறு உடையது தேடல்தான். அது கணினி பிறப்பதற்கு முன்பே, 1909ஆம் ஆண்டில் ஜெர்மனியில் கையால் தொடங்கியது. 2020ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் ஒரு ரோபோ எட்டு நாட்கள் தானாகவே நடத்திய தேடல் அதன் அண்மைக்கால மைல்கல் ஆகும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட பாதையையும், பொறி எதைச் செய்தது, எதைச் செய்யவில்லை என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

ஏன் தேட வேண்டியிருக்கிறது?

1766இல் ஹென்றி கேவண்டிஷ் என்ற ஆங்கிலேய அறிவியலாளர் ‘எரியும் காற்று’ என ஒரு வாயுவைப் பிரித்தறிந்தார். அது எரிந்தால் நீர் உண்டாகிறது என்பதால் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர் அதற்கு ‘நீரை உருவாக்குவது’ எனப் பொருள்படும் ஹைட்ரஜன் என்ற பெயரைச் சூட்டினார். 1800இல் நிக்கல்சன், கார்லைல் என்ற இருவர் மின்சாரத்தைச் செலுத்தி நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்தனர். இதுவே மின்னாற்பகுப்பு. 1839இல் வில்லியம் குரோவ் இதைத் திருப்பிச் செய்தார். இரண்டு வாயுக்களையும் சேர்த்து மின்சாரம் எடுத்தார். இன்றைய எரிபொருள் மின்கலத்தின் மூதாதை அதுதான். 1874இல் வெளிவரத் தொடங்கிய ‘மர்மத் தீவு’ என்ற நாவலில் ஜூல்ஸ் வெர்ன், நீரே எதிர்காலத்தின் நிலக்கரி ஆகும் என ஒரு கதாபாத்திரத்தைப் பேச வைத்தார்.

அப்படியானால் இந்தக் கனவு ஏன் இன்னும் முழுமையாக நிறைவேறவில்லை? 2023இல் உலகம் சுமார் 9.7 கோடி டன் ஹைட்ரஜனைப் பயன்படுத்தியது. அதில் மிகப் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் எடுக்கப்பட்டது. அந்த முறையில் கரியமில வாயு வெளியேறுகிறது. குறைந்த கரியமில வாயுவை வெளியிடும் முறைகளில் கிடைத்த ஹைட்ரஜன் 1 விழுக்காட்டுக்கும் குறைவு. நீரைப் பிரிக்கும் முறை விலை கூடியதாக இருப்பதே இதற்கு முக்கியக் காரணம். மின்சாரத்தின் விலை அதில் பெரும்பங்கு. வினையூக்கியின் விலையும் அடுத்து வருகிறது.

வினையூக்கி என்பது தான் செலவாகாமல் வேதிவினையை விரைவுபடுத்தும் பொருள். காற்றாலை, சூரிய மின்சாரம் ஆகியவற்றின் ஏற்ற இறக்கத்துக்கு நன்கு ஈடுகொடுக்கும் மின்பகுப்புக் கருவிகளில், ஹைட்ரஜன் வெளியாகும் எதிர்மின்வாயில் பிளாட்டினமும், ஆக்சிஜன் வெளியாகும் நேர்மின்வாயில் இரிடியமும் பூசப்படுகின்றன. உலகம் முழுவதும் ஓர் ஆண்டில் கிடைக்கும் இரிடியம் ஏறத்தாழ 7 அல்லது 8 டன்தான். ஒரு லாரியில் அடங்கிவிடும் அளவு இது. அதிலும் பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவிலிருந்து வருகிறது. எனவே இரும்பு, நிக்கல், கோபால்ட் போன்ற எளிதில் கிடைக்கும் உலோகங்களைக் கலந்து அதே வேலையைச் செய்யும் பொருளைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

கலக்கும் வழிகள் எத்தனை என்பதை மாணவர்கள் தாங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஐந்து உலோகங்களை எடுத்து, ஒவ்வொன்றின் அளவையும் 10 விழுக்காடு படிகளில் மாற்றினால் 1,001 கலவைகள் கிடைக்கும். படியை 5 விழுக்காடாகக் குறைத்தால் அது 10,626 ஆகிவிடும். 30 உலோகங்களிலிருந்து ஐந்தைத் தேர்ந்தெடுக்க 1,42,506 வழிகள் உள்ளன. சூடுபடுத்தும் வெப்பநிலை, நேரம், அமிலத்தன்மை ஆகியவற்றையும் சேர்த்தால் எண்ணிக்கை மனித ஆயுளைத் தாண்டிப் போய்விடும். பொறியின் உதவி தேவைப்பட்டது இந்தக் கணக்கினால்தான்.

கையால் நடந்த தேடல்: லுட்விக்ஸ்ஹாஃபன், 1909–1912

வினையூக்கியைத் திட்டமிட்டு, பெரிய அளவில் தேடிய முதல் நிகழ்வுகளில் ஒன்று, ஹைட்ரஜனையும் நைட்ரஜனையும் சேர்த்து அம்மோனியா தயாரிக்கும் முயற்சியில் நடந்தது. 1909ஆம் ஆண்டு ஜூலை மாதம் கார்ல்ஸ்ரூ நகரில் ஃபிரிட்ஸ் ஹேபர் தம் சோதனையைப் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்தாருக்குச் செய்து காட்டினார். அவர் பயன்படுத்திய வினையூக்கி ஆஸ்மியம். அந்த உலோகம் உலகில் கிடைத்ததே சுமார் 100 கிலோகிராம்தான். இன்றைய இரிடியச் சிக்கலின் பழைய வடிவம் இது.

விலை குறைந்த மாற்றுப் பொருளைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு ஆல்வின் மிட்டாஷ் என்ற வேதியியலாளரிடம் வந்தது. அவர் குழுவினர் சிறிய அழுத்தக் குழாய்களைச் செய்து, அவற்றுள் 2 கிராம் அளவு பொருளை மட்டும் வைத்து, எளிதாகச் செருகி எடுக்கும்படி அமைத்தனர். பல குழாய்கள் ஒரே நேரத்தில் இயங்கின. ஒன்றை மாற்றும்போது மற்றவை நின்றுபோகவில்லை. இவ்வாறு 1912இன் தொடக்கத்துக்குள் ஏறத்தாழ 2,500 பொருள்களை வைத்து 6,500 சோதனைகளைச் செய்து முடித்தனர்.

விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1909 நவம்பரில், சுவீடன் நாட்டின் யெல்லிவாரே சுரங்கத்திலிருந்து வந்து ஆய்வகத்தில் கிடந்த ஒரு காந்தக்கல் மாதிரியைச் சோதித்தபோது மிக நல்ல பலன் கிடைத்தது. தூய இரும்போ அப்படி வேலை செய்யவில்லை. கல்லில் இருந்த மாசுகளே காரணம் என்று மிட்டாஷ் உணர்ந்தார். அதன் பிறகு இரும்புடன் அலுமினா, பொட்டாஷ், சுண்ணாம்பு ஆகியவற்றைச் சிறிதளவு சேர்த்துத் திட்டமிட்டுச் சோதித்தார். இன்றைய அம்மோனியா ஆலைகள் பலவற்றில் இருப்பதும் அடிப்படையில் அதே இரும்பு வினையூக்கிதான்.

இந்த வரலாற்றில் இரண்டு செய்திகள் பின்னால் நமக்குத் தேவைப்படும். முதலாவது, மிட்டாஷ் குழு பலன் தராத சோதனைகளையும் பதிந்து வைத்தது. கந்தகம், குளோரின் போன்றவை வினையூக்கியைக் கெடுக்கும் ‘நஞ்சுகள்’ என்பது அந்தப் பதிவுகளால்தான் தெளிவாயிற்று. இரண்டாவது, வெற்றி தந்த கல்லில் இருந்த மாசுகளை யாரும் கணக்கில் எடுத்திருக்கவில்லை. அவை தேடலின் பட்டியலுக்கு வெளியே இருந்தவை.

கணினியில் நடந்த தேடல்

வினையூக்கி ஏன் வேலை செய்கிறது என்பதற்குப் பிரெஞ்சு வேதியியலாளர் பால் சபாட்டியே ஓர் எளிய விதியைத் தந்தார். வினைப்பொருளை அது மிகத் தளர்வாகவும் பிடிக்கக் கூடாது, மிக இறுக்கமாகவும் பிடிக்கக் கூடாது. தளர்ந்த பிடியில் வினை தொடங்காது. இறுகிய பிடியில் விளைந்த பொருள் விலகாது. ஹைட்ரஜன் வெளியேறும் வினைக்கு இதை வரைபடமாக வரைந்தால் நடுவில் உயர்ந்து இருபுறமும் சரியும் எரிமலை வடிவம் கிடைக்கிறது. பிளாட்டினம் அதன் உச்சிக்கு அருகில் இருக்கிறது.

இந்தப் பிடிப்பின் வலிமையைச் சோதனை செய்யாமலே குவாண்டம் இயற்பியல் சமன்பாடுகளால் கணக்கிட முடியும் என்ற நிலை 1990களில் உருவானது. டென்மார்க்கின் யென்ஸ் நோர்ஸ்கோவ் குழு இதில் முன்னோடி. 2006இல் ஜெஃப் கிரீலி, நோர்ஸ்கோவ் முதலியோர் 700க்கும் மேற்பட்ட இரட்டை உலோகக் கலவைகளைக் கணினியில் சலித்து எடுத்தனர். பிஸ்மத்தும் பிளாட்டினமும் சேர்ந்த கலவை நன்றாக வேலை செய்யும் எனக் கணினி காட்டியது. பிஸ்மத் தனியாக இருந்தால் ஹைட்ரஜன் வினைக்கு மிக மோசமான உலோகம். எனவே வேதியியலாளர் ஒருவர் தம் பட்டறிவை மட்டும் நம்பியிருந்தால் அதைத் தேர்ந்தெடுத்திருக்க வாய்ப்பில்லை. கலவையைச் செய்து பார்த்தபோது அது தூய பிளாட்டினத்துக்கு நிகராகவே வேலை செய்தது.

இத்தகைய கணக்கீடுகளுக்கு நேரம் அதிகம் பிடிக்கும். இங்குதான் செயற்கை நுண்ணறிவு நுழைந்தது. 2020இல் ஃபேஸ்புக் நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவுப் பிரிவும் கார்னெகி மெலன் பல்கலைக்கழகமும் ‘திறந்த வினையூக்கித் திட்டம்’ என்ற முயற்சியைத் தொடங்கின. அவை வெளியிட்ட முதல் தரவுத் தொகுப்பில் சுமார் 12.8 லட்சம் முழுக் கணக்கீடுகள் இருந்தன. இவற்றைப் படித்துப் பழகிய நிரல், ஒரு புதிய பரப்பைக் கண்டதும் சமன்பாட்டைத் தொடக்கத்திலிருந்து தீர்க்காமல் விடையை நெருக்கமாக ஊகித்துவிடும். ஆயிரக்கணக்கான வாய்ப்பாடுகளைப் போட்டுப் பழகிய மாணவர், புதிய கணக்கின் விடையைப் பார்த்த மாத்திரத்தில் மதிப்பிடுவதை இதற்கு ஒப்பிடலாம். மதிப்பீடு சரியா என்பதைப் பிறகு போட்டுப் பார்த்துத்தான் தீர வேண்டும்.

அச்சுப்பொறியும் விளையாட்டு ரோபோவும்

கணினியில் கணக்கிடுவது ஒரு கிளை என்றால், பொருளைக் கையால் தொடாமல் செய்து சோதிப்பது மற்றொரு கிளை. 1998இல் அமெரிக்காவில் தாமஸ் மலூக் குழுவினர் உலோக உப்புக்களை மையாக்கி, 645 வெவ்வேறு கலவைப் புள்ளிகளை ஒரே தாளில் அமைத்தனர். நன்றாக வேலை செய்யும் புள்ளிகள் மட்டும் ஒளிரும்படி ஒரு நிறங்காட்டியைச் சேர்த்தனர். அது மெத்தனால் எரிபொருள் மின்கலத்துக்கான ஆய்வு. ஆனால் ‘ஒவ்வொன்றாகச் செய்யாமல் நூற்றுக்கணக்கில் ஒரே வேளையில் செய்’ என்ற முறை ஹைட்ரஜன் ஆய்வுக்கும் பரவியது. கலிபோர்னியாவில் 2010இல் தொடங்கிய செயற்கை ஒளிச்சேர்க்கைக்கான கூட்டு மையம், அச்சுப்பொறி நுட்பத்தால் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆக்சைடு கலவைகளை அச்சிட்டு, நீரிலிருந்து ஆக்சிஜனை வெளியேற்றும் வினைக்குச் சோதித்தது.

இதே காலத்தில் புரூஸ் பார்கின்சன் என்ற வேதியியலாளர் மாணவர்களுக்காக ஒரு திட்டத்தை உருவாக்கினார். மாணவர்கள் சாதாரண மை அச்சுப்பொறியில் உலோக உப்புக் கரைசலை நிரப்பிக் கண்ணாடித் தகட்டில் அச்சிட்டுச் சூடாக்குவார்கள். பிறகு லெகோ விளையாட்டு ரோபோவில் பொருத்திய லேசர் ஒளி ஒவ்வொரு புள்ளியாக நகர்ந்து, எது ஒளியை மின்சாரமாக்குகிறது என்று அளக்கும். சூரிய ஒளியால் நீரைப் பிரிக்கும் பொருளைத் தேடும் பணியில் கல்லூரி மாணவர்களும் பள்ளி மாணவர்களும் இவ்வாறு சேர்ந்தனர். கோடிக்கணக்கில் செலவழிக்காமல் ரோபோவைக் கொண்டு உண்மையான ஆய்வைச் செய்ய முடியும் என்பதற்கு இது நல்ல சான்று.

எனினும், இவை அனைத்திலும் அடுத்து எதைச் சோதிப்பது என்பதை மனிதரே முடிவு செய்தனர். அந்த முடிவையும் பொறியிடம் விட்ட முன்னோடி, ராஸ் கிங் குழுவினர் வேல்ஸ் நாட்டில் உருவாக்கிய ‘ஆடம்’ என்ற ரோபோ. ஈஸ்ட் நுண்ணுயிரின் மரபணுக்களைப் பற்றித் தானே கருதுகோள்களை அமைத்து, சோதனைகளைத் திட்டமிட்டு, முடிவுகளைப் பெற்றதாக 2009இல் அறிவிக்கப்பட்டது. அந்தச் சிந்தனை ஹைட்ரஜன் ஆய்வகத்துக்கு வர மேலும் பதினோரு ஆண்டுகள் ஆயின.

லிவர்பூல் ரோபோ, 2020

லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ கூப்பர் தலைமையில், பெஞ்சமின் பர்கர் முதலியோர் செய்த ஆய்வு 2020 ஜூலையில் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. அதற்கு முந்தைய தானியங்கி ஆய்வகங்கள் கருவிகளைத் தானியங்கி ஆக்கின. கூப்பர் குழுவோ ஆய்வாளரைத் தானியங்கி ஆக்க முயன்றது. சக்கரங்கள் பொருத்திய அடித்தளத்தின் மேல் ஒற்றைக் கையுடன் நிற்கும் தொழிற்சாலை ரோபோ அது. மனிதர்களுக்காகக் கட்டப்பட்ட சாதாரண ஆய்வகத்தில், மனிதர் பயன்படுத்தும் அதே கருவிகளுக்கு இடையே அது நடமாடியது. கேமராவால் பார்க்காமல், லேசர் அளவீட்டாலும் தொடுகையாலும் தன் இடத்தை அறிந்துகொண்டது. ஆகவே இருட்டிலும் அதனால் வேலை செய்ய முடியும். ஒளியால் நிகழும் வினைகளை ஆராய்வோருக்கு இது பெரிய வசதி.

நீரிலிருந்து ஒளியின் உதவியால் ஹைட்ரஜனை வெளியேற்றும் ஒளிவினையூக்கிக் கலவையை மேம்படுத்துவதே அதற்குக் கொடுக்கப்பட்ட வேலை. அடிப்படைப் பொருள் ஒரு பாலிமர் தூள். அதை நிறுத்து, சேர்மங்களை ஊற்றி, குப்பியை மூடி, ஒளியில் வைத்து, வெளிவந்த வாயுவை அளக்க வேண்டும். ஒரு தடவைக்கு 16 குப்பிகள். முதலில் 30 துணைப் பொருள்களைச் சோதித்து, சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தை அது தேர்ந்தது. பிறகு சாயங்கள், உப்பு, காரம், சோப்புத் தன்மையுள்ள பொருள்கள் எனப் பத்து மாறிகளைக் கொண்ட பெரிய தேடல் தொடங்கியது. சாத்தியமான சோதனைகள் 9.8 கோடிக்கும் மேல். ரோபோ எட்டு நாட்களில் செய்தவை 688. அதாவது 43 தடவைகள். ஒரு நாளில் ஏறத்தாழ 21.5 மணி நேரம் வேலை செய்து, மின்கலத்தை நிரப்ப மட்டும் ஓய்வெடுத்தது. அந்த எட்டு நாட்களில் ஆய்வகத்துக்குள் 2 கிலோமீட்டருக்குச் சற்று மேல் அது நடந்திருந்தது.

9.8 கோடியில் 688 என்பது ஏறத்தாழ 1.42 லட்சத்துக்கு ஒன்று. இவ்வளவு குறைந்த சோதனைகளில் எப்படி விடை கிடைத்தது? பேய்ஸ் முறை எனப்படும் நிகழ்தகவுக் கணிதம் அதற்கு வழிகாட்டியது. ஒவ்வொரு தொகுதி முடிந்ததும், எந்தப் பகுதியில் நல்ல பலன் கிடைக்கும் வாய்ப்பு அதிகம், எந்தப் பகுதி இன்னும் அறியப்படாமல் இருக்கிறது என இரண்டையும் எடைபோட்டு அடுத்த 16 குப்பிகளை நிரல் தேர்ந்தெடுத்தது. கிணறு தோண்டுபவர் ஈரம் தட்டிய இடத்தருகே தோண்டுவதோடு, தோண்டாத மூலையிலும் ஒரு குழி போட்டுப் பார்ப்பதைப் போன்றது இது. சாயங்களும் சோப்புப் பொருள்களும் பயன்படவில்லை என்று நிரல் விலக்கியது. காரமும் சிலிக்கேட்டும் உதவின என்று கண்டது. இறுதியில் தொடக்கக் கலவையைப் போல ஆறு மடங்கு ஹைட்ரஜன் தரும் கலவை கிடைத்தது. ஓர் ஆய்வாளர் கையால் செய்தால் இது பல மாத வேலை.

இந்த வெற்றியின் எல்லைகளும் அறியத்தக்கவை. முதலாவதாக, சிஸ்டீன் வினையில் செலவாகிவிடும் பொருள். நீர் முழுவதும் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரியவில்லை. எனவே இது நாளையே தொழிற்சாலைக்குப் போகும் கண்டுபிடிப்பு அன்று. இரண்டாவதாக, ரோபோவுக்கு வேதியியல் தெரியாது. சாயம் ஏன் உதவக்கூடும், உப்பு ஏன் சேர்க்கப்பட்டது என்ற கருதுகோள்களை வகுத்தவர்கள் மனிதர்கள். அலமாரியில் எந்தக் குப்பிகள் இருக்க வேண்டும் என்பதையும் அவர்களே முடிவு செய்தனர். மிட்டாஷின் ஆய்வகத்தில் கிடந்த காந்தக்கல்லைப் போன்ற ஒரு பொருள் பட்டியலில் இல்லையென்றால், எத்தனை ஆயிரம் சோதனைகள் செய்தாலும் இந்த ரோபோ அதை அடைந்திருக்காது.

ஹெஃபெய்: செவ்வாய்க் கற்களிலிருந்து வினையூக்கி

2023 நவம்பரில் சீன அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு வேறொரு படியை எடுத்து வைத்தது. ஹெஃபெய் நகரில் உள்ள இந்தக் குழு, செவ்வாய் கோளிலிருந்து வந்த ஐந்து விண்கற்களை ஒரு ரோபோ வேதியியலாளரிடம் கொடுத்தது. கற்களை ஆராய்ந்து, அவற்றில் உள்ள உலோகங்களைப் பிரித்தெடுத்து, நீரிலிருந்து ஆக்சிஜனை வெளியேற்றும் வினையூக்கியைச் செய்வது அதன் வேலை. சாத்தியமான கலவைகள் 37 லட்சத்துக்கும் மேல். ரோபோ ஏறத்தாழ 30,000 கணினிக் கணக்கீடுகளையும் தான் செய்த 243 சோதனைகளின் முடிவுகளையும் இணைத்துப் பழகி, ஆறு வாரங்களில் விடையை எட்டியது. கையால் ஒவ்வொன்றாகத் தேடினால் சுமார் 2,000 ஆண்டுகள் ஆகும் என்று அக்குழு மதிப்பிட்டது.

விண்வெளிப் பயணிகளுக்கான ஆக்சிஜன் பற்றியதாகத் தோன்றினாலும், இந்த வினை நம் பொருளோடு நேரடியாகத் தொடர்புடையது. மின்னாற்பகுப்பில் ஒரு முனையில் ஆக்சிஜன் வெளியேறினால்தான் மறுமுனையில் ஹைட்ரஜன் வெளியேறும். இரண்டில் மெதுவாக நடப்பது ஆக்சிஜன் பக்கம்தான். இரிடியம் தேவைப்படுவதும் அங்கேதான். கிடைத்த கல்லைக் கொண்டு வினையூக்கி செய்ய முடியும் என்றால், பூமியில் மலிவான தாதுக்களைக் கொண்டும் அதே வழியில் முயலலாம். லுட்விக்ஸ்ஹாஃபனின் சுவீடன் கல்லோடு இதற்குள்ள உறவையும் கவனிக்கலாம். அங்கே கல்லிலிருந்த மாசு தற்செயலாக உதவியது. இங்கே கல்லில் என்னென்ன கலந்திருக்கிறது என்பதிலிருந்தே தேடல் தொடங்கியது.

சரிபார்ப்பது யார்?

அதே 2023 நவம்பரில் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம் ‘ஏ-லேப்’ என்ற தானியங்கி ஆய்வகத்தைப் பற்றி அறிவித்தது. 17 நாட்களில், இலக்காக வைத்த 58 சேர்மங்களில் 41ஐ ரோபோக்கள் உருவாக்கிவிட்டன என்பது செய்தி. இது ஹைட்ரஜனுக்கென்று அமைந்த ஆய்வகம் அன்று. ஆனால் இத்துறை முழுவதற்கும் பாடமாக அமைந்தது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ராபர்ட் பால்கிரேவ், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் லெஸ்லி ஸ்கூப் முதலியோர் அந்த எக்ஸ்-கதிர்த் தரவுகளை மறுபடி ஆராய்ந்தனர். நிரல் தரவைத் தவறாகப் பொருள்கொண்டுள்ளது என்றும், புதியவை எனச் சொல்லப்பட்டவை உண்மையில் ஏற்கனவே அறிந்த பொருள்கள் என்றும் 2024இல் எழுதினர். ஆய்வகத்தினர் தங்கள் தரப்பை விளக்கினர்.

யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்பதைவிட முக்கியமான ஒன்று இதில் இருக்கிறது. பொருளைச் செய்யும் வேகம் கூடியிருக்கிறது. செய்யப்பட்டது என்ன என்று உறுதி செய்யும் வேகம் அந்த அளவுக்குக் கூடவில்லை. ஹைட்ரஜன் வினையூக்கியில் இது இன்னும் சிக்கலானது. ஒரு பூச்சு முதல் மணி நேரத்தில் நன்றாக வேலை செய்து, ஆயிரம் மணி நேரத்தில் கரைந்துபோகலாம். தொழிற்சாலைக் கருவி பல்லாயிரம் மணி நேரம் ஓட வேண்டும். ரோபோ எவ்வளவு விரைவாக நடந்தாலும் ஆயிரம் மணி நேரச் சோதனைக்கு ஆயிரம் மணி நேரம் தேவை.

பாதுகாப்பு: துடைப்பத்திலிருந்து ரோபோவரை

ஹைட்ரஜனுக்கு நிறமில்லை, மணமில்லை. காற்றில் 4 முதல் 75 விழுக்காடு வரை கலந்திருந்தாலும் அது தீப்பற்றும். அதைப் பற்ற வைக்கத் தேவையான பொறியின் ஆற்றல், மீத்தேனுக்குத் தேவையானதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்குத் தெரியாது. 1960களில் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் பணியாளர்கள், கசிவு இருக்கும் என ஐயப்பட்ட இடங்களில் துடைப்பத்தை முன்னால் நீட்டிக்கொண்டு நடந்தனர். துடைப்பம் தீப்பற்றினால் அங்கே சுடர் இருக்கிறது என்று பொருள். பின்னர் அகச்சிவப்பு உணரிகள் அந்த இடத்தைப் பிடித்தன.

ஹைட்ரஜன் எஃகையும் விட்டுவைப்பதில்லை. 1911 வாக்கில் கார்ல் போஷ் அமைத்த முதல் அழுத்தக் கலன்கள் சுமார் 80 மணி நேரத்தில் வெடித்தன. ஹைட்ரஜன் எஃகுக்குள் ஊடுருவி அதிலுள்ள கார்பனை வெளியேற்றி அதை நொறுங்கச் செய்தது. உள்ளே மென்மையான இரும்பு உறை இட்டு, வெளிச் சுவரில் சிறு துளைகள் போட்டு அவர் தீர்வு கண்டார். இன்றும் குழாய்களின் உட்புறத்தில் நுண்விரிசல் விழுகிறதா என்று பார்ப்பது அவசியம். மனிதர் நுழைய முடியாத குழாய்களில் உணரிகளைத் தாங்கிச் செல்லும் ரோபோக்கள் இதற்குப் பொருத்தமானவை.

2011 மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையக் கட்டடங்கள் ஹைட்ரஜன் வெடிப்பால் சிதைந்தன. ஏப்ரல் மாதத்தில் முதலில் உள்ளே சென்று கதிரியக்கத்தையும் ஆக்சிஜன் அளவையும் அளந்தவை ரோபோக்களே. ஆனால் வாயு நிறைந்த இடத்துக்குப் போகும் ரோபோவின் மோட்டாரே தீப்பொறியைக் கிளப்பக்கூடும். எனவே அத்தகைய இடங்களுக்கு வெடிப்புக்காப்புச் சான்று பெற்ற ரோபோக்கள் தேவை. பிரான்சின் டோட்டல் எண்ணெய் நிறுவனம் 2014இல் தொடங்கி நடத்திய ‘ஆர்கோஸ்’ போட்டி இத்தகைய கண்காணிப்பு ரோபோக்களை உருவாக்கத் தூண்டியது. 2017இல் ஆஸ்திரிய, ஜெர்மானியக் கூட்டுக் குழு அதில் வென்றது.

2019இல் நிகழ்ந்த இரண்டு விபத்துகள் மனித உழைப்பும் பொறியும் சந்திக்கும் இடத்தைக் காட்டின. மே மாதத்தில் தென்கொரியாவின் காங்நுங் நகரில் ஹைட்ரஜன் தொட்டியில் ஆக்சிஜன் கலந்து வெடித்ததில் இருவர் இறந்தனர். ஜூன் மாதத்தில் நார்வேயில் ஆஸ்லோ அருகே ஒரு ஹைட்ரஜன் நிரப்பு நிலையம் வெடித்தது. உயர் அழுத்தக் கலனின் ஒரு மூடியைப் பொருத்தியதில் நேர்ந்த தவறே காரணம் எனக் கண்டறியப்பட்டது. முதல் விபத்தைப் போன்றவற்றைத் தவிர்க்க, வாயுவின் தூய்மையை இடைவிடாது அளந்து, வழக்கத்துக்கு மாறான போக்கை முன்கூட்டியே உணர்த்தும் நிரல் உதவக்கூடும். இரண்டாவதைத் தவிர்க்க, ஒவ்வொரு திருகையும் ஒரே அழுத்தத்தில் முறுக்கி, அந்த அளவைப் பதிந்தும் வைக்கும் ரோபோ உதவக்கூடும். ஆனால் எச்சரிக்கை மணி அடித்தவுடன் ஆலையை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு உண்டு என்பதை நிர்வாகம்தான் முன்பே தீர்மானித்திருக்க வேண்டும்.

உற்பத்தியில் ரோபோக்கள்

எரிபொருள் மின்கலமும் மின்பகுப்புக் கருவியும் ஒரே மாதிரியான மெல்லிய தகடுகளை அடுக்கிச் செய்யப்படுபவை. 2014இல் டொயோட்டா விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் ‘மிராய்’ காரின் மின்கல அடுக்கில் 370 கலங்கள் இருந்தன. ஒரு தகடு சற்று விலகினாலும் வாயு கசியும். ஒரே வேலையைப் பிசகாமல் திரும்பத் திரும்பச் செய்வதில் ரோபோவுக்கு நிகரில்லை என்பதால், உற்பத்தி பெருகும்போது இந்த அடுக்கும் வேலை ரோபோக்களிடம் போவது இயல்பு. 2023 நவம்பரில் சீமென்ஸ் எனர்ஜியும் ஏர் லிக்விட் நிறுவனமும் பெர்லினில் மின்பகுப்பு அடுக்குகளுக்கான பெரிய தொழிற்சாலையைத் திறந்தன. அதன் தொடக்கத் திறன் ஆண்டுக்கு 1 கிகாவாட்.

மதிப்பீடு

நூறாண்டுகளுக்கும் மேற்பட்ட இந்த வரலாற்றைப் பார்க்கும்போது, பொறி வந்ததால் மாறியது எது, மாறாதது எது என்பது தெளிவாகிறது. சலிப்பூட்டும் உழைப்பு மாறியது. 6,500 சோதனைகளுக்கு மிட்டாஷ் குழுவுக்குச் சில ஆண்டுகள் தேவைப்பட்டன. இன்றைய ரோபோ அதை மாதக்கணக்கில் முடித்துவிடும். எங்கே தேடுவது, எதைப் பட்டியலில் வைப்பது, கிடைத்தது உண்மையா என்று பார்ப்பது ஆகிய மூன்றும் இன்னும் மனிதரின் பொறுப்பாகவே இருக்கின்றன. ஏ-லேப் விவாதம் மூன்றாவது பொறுப்பை நினைவூட்டியது. சுவீடன் காந்தக்கல் இரண்டாவதை நினைவூட்டுகிறது.

மாணவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. செயற்கை நுண்ணறிவு வெற்றிகளை மட்டும் படித்துக் கற்றுக்கொள்வதில்லை. எது வேலை செய்யாது என்பதும் அதற்குத் தெரிய வேண்டும். லிவர்பூல் ரோபோ 688 சோதனைகளின் முடிவுகளையும், தோல்விகள் உட்பட, பதிந்து வைத்தது. சாயங்கள் பயன்படாது என அது அறிந்தது தோல்விகளால்தான். ஆனால் ஆய்விதழ்களில் பெரும்பாலும் வெற்றிகளே அச்சாகின்றன. நம் பள்ளி ஆய்வகங்களிலும், வரவேண்டிய அளவு வராவிட்டால் அதை அழித்துவிட்டுப் பக்கத்து மாணவரின் பதிவேட்டைப் பார்த்து எழுதும் பழக்கம் இருக்கிறது. அப்படி எழுதப்பட்ட பதிவேட்டிலிருந்து மனிதரும் கற்க முடியாது, பொறியும் கற்க முடியாது. வந்த அளவை வந்தபடி எழுதுவதும், ஏன் அப்படி வந்தது என்று அடுத்த வரியில் கேட்டு எழுதுவதும் மாணவர் இன்றே தொடங்கக்கூடியவை. மலிவான ஹைட்ரஜனுக்கான வினையூக்கியை நாளை ஒரு ரோபோ கண்டுபிடித்தாலும், யாரோ ஒருவர் நேர்மையாக எழுதி வைத்த குறிப்புகளிலிருந்தே அது கற்றிருக்கும்.